ஆளுநர் ஆகாதவரை ஆராயலாமா?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் ஆய்வேட்டுக்காகக் அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநில அரசியல்வாதி ஜெஸ்ஸி அன்ரூவை எடுத்துக்கொண்டேன். ‘பணம்தான் அரசியலின் தாய்ப்பால்’ என்று அவர் சொன்னதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தெரியவில்லை. 1970 ஆளுநர் தேர்தலிலும் ரொனால்ட் ரேகனிடம் தோற்றவர். வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளட்டுமா? - ஒரு மாணவி

பதில்: அன்புள்ள மாணவிக்கு, தலைப்பை மாற்ற வேண்டாம், அந்த மேற்கோளை மட்டும் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 1922இல் கான்சஸில் பிறந்து, டெக்சாஸில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் வறுமையோடு வளர்ந்த அன்ரூ, 1954இல் கலிஃபோர்னியச் சட்டமன்றத்தின் கீழவைக்குள் நுழைந்தார். உங்கள் ஆய்வு 1959இல் தொடங்கட்டும்.

பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அது விடுதி, உணவகம், முடிதிருத்தகம் எனச் சில இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருந்ததால், கல்லறைத் தோட்டத்துக்கு அது பொருந்தாது, பல் மருத்துவரின் அறைக்கும் பொருந்தாது என்று 1950களில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. கறுப்பினத்தவர் ஒருவர் இறந்த பிறகும் அவரை அடக்கம் செய்ய இடம் மறுக்கலாம் என்ற நிலையை நினைத்துப் பாருங்கள். அன்ரூவின் மசோதா அந்தப் பட்டியலைத் தூக்கிவிட்டு, ‘எவ்வகையைச் சார்ந்த வணிக நிறுவனமாயினும்’ என்று எழுதியது. அவர் பெயராலேயே வழங்கும் அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. என் மதிப்பீட்டில் அவருடைய ஆகப்பெரிய பணி இதுதான்.

1961இல் அவர் சபாநாயகர் ஆனார். அங்கே சபாநாயகர் நடுநிலை காப்பவர் அல்லர். பெரும்பான்மைக் கட்சியை அவையில் வழிநடத்துபவரே அவர். அந்த அதிகாரம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 1963 ஜூலை இறுதியில், பள்ளி நிதி உடன்பாட்டின் விவரத்தைக் காட்டினால்தான் வாக்களிப்போம் என்று எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மறுத்தபோது, அவைக் கதவுகளைப் பூட்டி இரவு முழுவதும் அவர்களை உள்ளேயே வைத்திருந்தார். விவரம் கேட்பது உறுப்பினரின் உரிமை. அதற்காகப் பூட்டியது தவறு. அந்த அவப்பெயர் அவரை நெடுநாள் விடவில்லை.

ஆயினும் அதே மனிதர்தான், இரண்டாண்டுக்கு ஒருமுறை 120 நாள் முழுக் கூட்டத்தொடர் நடத்திவந்த, ஆண்டுக்கு 6,000 டாலர் ஊதியம் பெற்ற பகுதிநேர உறுப்பினர்களின் அவையை முழுநேர அவையாக மாற்றப் பாடுபட்டார். மசோதாவின் நுணுக்கங்களுக்கு, நிறுவனங்களுக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் அரசியல் தரகர்களை நம்பியிருக்காமல், அவைக்கென்றே ஆய்வுப் பணியாளர்களை நியமித்தார். முழுநேர அவைக்கான அரசமைப்புத் திருத்தத்தை வாக்காளர்கள் 1966 நவம்பரில், ரேகனை ஆளுநராகத் தேர்ந்தெடுத்த அதே நாளில், ஏற்றனர்.

1970 தோல்வியோடு ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். 1975 முதல் 1987இல் இறக்கும்வரை அவர் மாநிலக் கருவூலர்; பலரும் பொருட்படுத்தாத பதவி அது. 1984இல் டெக்ஸகோ நிறுவனம் ஒரு பெருமுதலீட்டாளரிடமிருந்து மட்டும் சந்தை விலையைவிடக் கூடுதல் விலைக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கியபோது, அதே பங்குகளை வைத்திருந்த கலிஃபோர்னிய ஓய்வூதிய நிதிகளுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. மறு ஆண்டே, இத்தகைய நிதிகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுப்பதற்கான நிறுவன முதலீட்டாளர் மன்றத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவரானார்.