முப்பரிமாணப் படத்தின் மேல் பட்டன் மறைகிறதா? அதற்காக மென்பொருளையே திருப்பி எழுத வேண்டாம்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறோம். கொட்டேஷன் போட நாங்களே சி++ மொழியும், திரை, பட்டன்கள் அமைக்க உதவும் கியூடி (Qt) தொகுப்பும் கொண்டு ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் செய்து டீலர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். பாகத்தைச் சுழற்றிப் பார்க்க, அதே திரையில் ஒரு முப்பரிமாணப் பகுதி சேர்த்தேன். படம் வருகிறது. ஆனால் அதன் மேல் வைத்த அளவு லேபிளும் பட்டன்களும் படத்துக்கு அடியில் போய்விடுகின்றன. சில டீலர்களின் கணினியில் வெறும் கறுப்புக் கட்டம்தான். விசாரித்த இடத்தில், முழு மென்பொருளையும் கேம் எஞ்சினில் (வீடியோ கேம் செய்யும் கருவி) திருப்பி எழுத வேண்டும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வேறு வழி உண்டா சார்?

பதில்: உண்டு. முதலில், யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பெரிய தொகை கேட்கிறார்கள்.

பட்டன் மறைவதைப் பார்ப்போம். ‘கிரியேட் விண்டோ கன்டெய்னர்’ என்ற வழியில் முப்பரிமாணப் பகுதியைச் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் விண்டோவுக்குள் இன்னொரு தனி விண்டோவைக் கொண்டுவந்து ஒட்டும் ஏற்பாடு. அந்தத் தனி விண்டோ தன் இடத்தை வேறு எதனோடும் பங்கு போட்டுக்கொள்ளாது. லேபிளை எத்தனை முறை ‘மேலே கொண்டு வா’ என்று சொன்னாலும் அதன் அடியில்தான் இருக்கும். ஒட்டிய விண்டோ ஒளிபுகாப் பெட்டியாக மேலேயே உட்காரும் என்று கியூடியின் கையேடே சொல்கிறது.

இதற்கு மாற்று கியூடி 5.4 முதலே இருக்கிறது: ‘கியூஓபன்ஜிஎல்விட்ஜெட்’ என்ற விட்ஜெட், அதாவது பட்டன் போன்ற ஒரு திரை உறுப்பு. இது படத்தை நேராகத் திரையில் வரையாமல், முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நினைவகப் பரப்பில் வரைகிறது. அப்புறம் கியூடி அதை மற்ற பட்டன், லேபிள்களோடு சேர்த்து ஒரே படமாக்கித் திரையில் வைக்கிறது. ஆகவே மேலே வைத்தது மேலேயே இருக்கும். படம் வரையும் உங்கள் நிரல் ஓபன்ஜிஎல்லில் (கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வரையும் பொது முறை) இருந்தால் பெரும்பகுதியை அப்படியே கொண்டுவந்துவிடலாம்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. இணையத்தில் எடுத்த பழைய நிரல்களில், நிழல் போன்ற இடைவேலைகள் முடிந்ததும் ‘ஃபிரேம்பஃபர் 0’க்கு (0 எண் கொண்ட வரையும் பரப்பு) திரும்பு என்று ஒரு வரி இருக்கும். இந்த விட்ஜெட்டில் உங்கள் பரப்பு 0 அல்ல. அதன் எண்ணை ‘டீஃபால்ட் ஃபிரேம்பஃபர் ஆப்ஜெக்ட்’ என்ற அழைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டால் வரைந்தது விட்ஜெட்டுக்கு வந்து சேராது.

இப்போது அந்தக் கேம் எஞ்சின் யோசனை. நிறையப் பேர் இதில் ஏமாறுவதால் அழுத்திச் சொல்கிறேன். கொட்டேஷன், விலைப் பட்டியல், பிரிண்ட் எல்லாம் கியூடியில் நன்றாக ஓடுகின்றன. அவற்றை யாரும் கேம் எஞ்சினில் உண்மையில் திருப்பி எழுதப் போவதில்லை. யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ‘பேரன்ட் ஹெச்விண்டு’ என்று ஒரு துவக்க வசதி உண்டு. யூனிட்டியில் செய்த காட்சியை உங்கள் விண்டோவுக்குள் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். அதுவும் தனி விண்டோதான். லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மறைந்த பட்டனோடு திரும்ப அதே இடத்தில் நிற்பீர்கள். டெமோ கேட்டால், படத்தின் மேல் உங்கள் லேபிளை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுழலும் பம்பை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘கியூடியின் முப்பரிமாணக் கருவி கியூடி குயிக் 3டி போடலாம், இலவசம்’ என்று இன்னொருவர் வருவார். நல்ல கருவிதான். ஆனால் கியூடியின் விட்ஜெட் பகுதி, உங்கள் நிரலை வெளியிடாமல் வைத்துக்கொள்ள விடும் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. குயிக் 3டிக்கு ஜிபிஎல் அல்லது காசு கொடுத்து வாங்கும் உரிமம், இரண்டே வழி. ஜிபிஎல்லில் எடுத்து டீலருக்கு மென்பொருளைக் கொடுத்தால், அவர் மூல நிரலையும் (சோர்ஸ் கோட்) பெற உரிமை உள்ளவர். உங்கள் விலைக் கணக்கு சூத்திரம் உட்படத்தான். இதற்கு ஒரு விலக்கு உண்டு: மென்பொருள் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே ஓடினால் யாருக்கும் மூல நிரலைக் கொடுக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் பத்துக் கணினியில் போட்டாலும், பட்டறை மேஸ்திரி மேஜையில் போட்டாலும் அது உள்ளேதான். ஆனால் டீலர் வெளியாள். காசு வாங்காமல் கொடுத்தாலும், ‘டெமோ காப்பி’ என்று பென் டிரைவில் கொடுத்தாலும் அது விநியோகம்தான். உங்கள் மென்பொருள் ஏற்கெனவே டீலர்களிடம் இருப்பதால் இந்த விலக்கு உங்களுக்கு உதவாது.

அடுத்தது கறுப்புக் கட்டம். சில கணினிகளில் மட்டும் வருகிறது என்றால், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இல்லாத விண்டோஸ் கணினியில் ஓபன்ஜிஎல் கேட்டால், மைக்ரோசாஃப்டின் சொந்த மாற்று ஒன்று வந்து நிற்கும். அது ஓபன்ஜிஎல் 1.1, அதாவது 1997-ஆம் ஆண்டுச் சரக்கு. இத்தனை ஆண்டுகளாகியும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள், பயனருக்கு ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. உங்கள் ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) எதுவும் அதில் ஓடாது. டீலரோ உங்கள் மென்பொருளைத்தான் திட்டுவார். ஆப்பிள் பக்கமும் நிம்மதியில்லை. 2018-இலேயே ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். எளிய வழியை ஒழித்துவிட்டுச் சிறு பட்டறைகளைப் புதிதாகக் கற்றுக்கொள் என்பது அநியாயம்.

நீங்கள் செய்ய வேண்டியது: மென்பொருள் தொடங்கியதும் ஓபன்ஜிஎல்லின் ‘ரெண்டரர்’ (உண்மையில் படத்தை வரைவது) பெயரைக் கேட்டு லாக் கோப்பில் எழுதுங்கள். அதில் ‘ஜிடிஐ ஜெனரிக்’ என்று வந்தால் டிரைவர்தான் காரணம். கணினி அல்லது கிராபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடச் சொல்லுங்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வருபவை வேண்டவே வேண்டாம். டிரைவர் போட முடியாத பழைய கணினிக்கு, விண்டோஸ் கியூடியோடு வரும் ‘ஓபன்ஜிஎல்32எஸ்டபிள்யூ’ கோப்பையும் சேர்த்து அனுப்பி, மென்பொருள்வழி வரைதலுக்கு மாற்றிவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்க்கப் போதும்.

அதுவும் திணறினால், பாகத்தின் வடிவத்தை முக்கோணங்களாக வைத்திருக்கும் எஸ்டிஎல் கோப்பின் அளவைப் பாருங்கள். பைனரி எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட்டு. 50 எம்பி கோப்பு என்றால் ஏறக்குறைய 10 லட்சம் முக்கோணங்கள். ஒரு இம்பெல்லரை (பம்பின் சுழல் சக்கரம்) காட்ட அத்தனை தேவையே இல்லை. கேட் (CAD) வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது டாலரன்ஸை (வடிவத் துல்லிய அளவு) கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். டைமர் வைத்து ஓயாமல் வரையவும் வேண்டாம்; மவுஸ் அசையும்போது ‘அப்டேட்’ அழைத்தால் போதும்.

இன்றே கறுப்புக் கட்டம் வரும் டீலர் ஒருவருக்கு லாக் எழுதும் பதிப்பை அனுப்பி அந்த ரெண்டரர் வரியை வாங்குங்கள். வேறு பெயர் ஏதும் வந்திருந்தால் அதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.