கசின்ஸ் பீச் வீடு: கேள்வி பதில்

பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பதால், ஜென்னி ஹான் எழுதிய ‘தி சம்மர் ஐ டர்ண்ட் ப்ரெட்டி’ பற்றி என்னிடம் கேட்காத ஆளில்லை. படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. லாரலும் சூசன்னாவும் நெடுநாள் சிநேகிதிகள். லாரலின் பிள்ளைகள் ஸ்டீவன், பெல்லி. சூசன்னாவின் பிள்ளைகள் கான்ராட், ஜெரமையா. ஒவ்வொரு கோடைக்கும் இரண்டு குடும்பமும் கசின்ஸ் பீச்சில் இருக்கும் சூசன்னாவின் வீட்டில் கூடும். பெல்லிக்குப் பதினாறு வயது நிறையப்போகும் கோடையில் கதை தொடங்குகிறது. 2009, 2010, 2011 என்று மூன்று நாவல்கள் வந்தன. கேட்டவர்கள் முடிவைப் பற்றியும் கேட்டதால் அதையும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே பொண்ணைக் காதலிக்கிறாங்க. அவ்வளவுதானே கதை? இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

அவ்வளவுதான் என்றால் முதல் புத்தகத்தோடு நான் மூடி வைத்திருப்பேன். பெல்லி கான்ராடை நேசிக்கிறாளா ஜெரமையாவையா என்று கேட்டுப் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அவள் உயிரை வைத்திருப்பது அந்த வீட்டின் மேல். அந்த வீட்டுக்காரி சூசன்னா. அவள் பிள்ளைகளில் ஒருவனோடு மனஸ்தாபம் வந்தால் போவது ஒரு காதலன் மட்டுமில்லை. மாடியில் இருக்கும் தன் அறை, இன்னொரு தாய், பிறந்ததிலிருந்து பார்த்த கடல் எல்லாமே போய்விடும். கேம் என்று ஒரு பையன் வருகிறான், நினைவிருக்கிறதா? தங்கமான பையன். அவனோடு ஏன் நிலைக்கவில்லை? அவனுக்கு அந்த வீட்டில் பழைய கோடை எதுவும் இல்லை.

சின்ன வயசுலேந்து ஒரே வீட்டுல வளர்ந்தவங்க. அண்ணன் மாதிரிதானே? எனக்கு ஒப்பவே இல்லை.

உங்களுக்கு உறுத்துவது நியாயம்தான். பெல்லிக்கும் அது தெரியும். பையன்கள் மூவரும் ஒரு கூட்டு, அவள் ஒட்டுக்குட்டி. அப்படித்தான் அவளை நடத்தினார்கள். அது மாறியதா இல்லையா என்ற தவிப்புதான் முதல் நாவல் முழுக்க.

போர்டுவாக், அதாவது கடலோரத்துப் பலகை நடைபாதை வரும் அத்தியாயத்தை இன்னொரு தடவை படியுங்கள். அவள் சின்னப் பெண். கான்ராட் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறான். மனசுக்குள் கோட்டை கட்டிக்கொண்டு போகிறாள். போனால், அவன் வந்தது வளையம் எறியும் கடையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்க்க! அங்கே ஜெயித்த பனிக்கரடி பொம்மை பெல்லியின் கைக்கு வருகிறது. கண்ணாடி போட்டு, கழுத்தில் துண்டு சுற்றிய பொம்மை. ஏமாற்றத்தையும் சந்தோஷத்தையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். தங்கையாக நடத்தப்படும் வலி என்னவென்று எழுத்தாளர் விளக்கவே இல்லை, பொம்மையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

கான்ராட் ஏன் எப்பப் பாத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்? அவனைப் போய் ஏன் எல்லாருக்கும் புடிக்குது?

அமெரிக்கக் கால்பந்தை விட்டுவிட்டான், சிகரெட் பிடிக்கிறான், யாரோடும் பேசுவதில்லை. பெல்லி கண்ணுக்கு அது திமிர். ஆனால் அம்மாவுக்குப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது அவனுக்குத் தெரியும். அப்பாவின் வேறு உறவும் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாது. அம்மா கேட்டதெல்லாம் பழையபடி ஒரு நல்ல கோடை. நோய் விஷயம் தெரிந்த பிறகு முதல் புத்தகத்தைத் திரும்பப் படித்தால், அவன் கதவை அடித்துச் சாத்துகிற இடமெல்லாம் வேறு மாதிரி கேட்கும். அவனுடைய குரலில் அத்தியாயங்கள் வருவது மூன்றாம் நாவலில்தான். அதுவரை நாமும் பெல்லியைப் போலத் தப்பாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் ஆசிரியர் அப்படி வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

பெல்லி சுயநலக்காரி. இழவு வீட்டுல போய்ச் சண்டை போடுறா. இவளை எப்படி நாயகியா ஏத்துக்கிறது?

இரண்டாம் நாவலில் வரும் அந்த இடம் எனக்கும் கையைப் பிசைய வைத்தது. சூசன்னாவை அடக்கம் செய்த அன்று, கான்ராட் தன் பழைய சிநேகிதியின் மடியில் தலை வைத்துக் கிடக்கிறான். பெல்லி அதைப் பார்த்துக் கொதித்துவிடுகிறாள். தாயை இழந்தவன் மேல் கோபப்படுகிறோமே என்ற நினைப்பே அந்த நேரத்தில் இல்லை. பிறகு அந்த வெட்கம் அவளை விடுவதும் இல்லை. அந்த வயதில் துக்கம் அழுகையாக மட்டும் வராது. எரிச்சல், பொறாமை, வாய்க்கு வந்ததைச் சொல்வது என்றெல்லாம் வரும். நூலகத்தில் நான் பார்க்கும் பிள்ளைகளிடமும் இதைக் கண்டிருக்கிறேன். நல்ல பெண்ணாக அவளைப் பூசி மெழுகாமல் விட்டதால்தான் அவள் பேச்சை நான் நம்புகிறேன்.

ஜெரமையா பாவம்தானே மேடம்?

பாதி பாவம். அண்ணன் நிழலிலேயே வளர்ந்தவன், சிரித்து மழுப்பியே வாழ்ந்தவன். இரண்டாம் நாவலில் அவனே பேசும் பகுதிகளைப் படித்தால் மனசு இளகும். ஆனால் மூன்றாவதில் அவனும் பெல்லியும் காதலர்கள். விடுமுறைக்கு மெக்சிகோ போன இடத்தில் இன்னொரு பெண்ணோடு இருந்துவிட்டு, அப்போது நாம் பிரிந்துதானே இருந்தோம் என்கிறான். அந்தக் காயம் ஆறும் முன்பே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். அது ஒட்டுப்போடும் வேலை.

ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். லாரல் கல்யாணத்துக்கு ‘முடியாது’ன்னு சொன்னப்ப கைதட்டினேன். என் பெரியவ என்னோட பேசவே இல்லை. யார் பக்கம் சரி?

உங்கள் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

லாரல் சொல்வது சரி. கல்லூரியில் முதல் வருஷம் முடித்த கையோடு கல்யாணம் என்றால் எந்தத் தாய் தலையாட்டுவாள்? ஆனால் சரியான வார்த்தையை அவள் சொன்ன விதம் மகளைத் தூரத் தள்ளிவிட்டது. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். பெல்லிக்கு அதற்கப்புறம் வீம்புதான் மிச்சம்.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தீர்களா? எல்லாருக்கும் சூசன்னாவாக இருப்பவளை லாரல் மட்டும் ‘பெக்’ என்பாள். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் அது. யாருக்கும் மனைவியாகும் முன்பே, தாயாகும் முன்பே தெரிந்தவள் கூப்பிடும் பெயர். சூசன்னா போனபின் அந்தப் பெயரால் கூப்பிட லாரலுக்கு ஆளில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ‘கொஞ்சம் விட்டுப்பிடி, பிள்ளைதானே’ என்று லாரலை மடக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அந்த ஆள் இல்லாமல்தான் லாரல் இவ்வளவு இறுகிப்போகிறாள். மூன்று நாவலிலும் பெரிய காதல் எது என்று கேட்டால், இந்த இரண்டு பெண்களுடையது என்பேன். பிள்ளைகளின் காதல் அதன் கிளை.

கடைசியில் லாரல் இறங்கி வருகிறாள். அதற்குப் பிறகுதான் பெல்லியால் வீம்பை விட்டுவிட்டுத் தன் மனசைப் பார்க்க முடிகிறது. பெரியவளோடு அந்தப் பகுதியைச் சேர்ந்து படியுங்கள். கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஏன் கைதட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

முடிவுல வித்தியாசம் இருக்காமே? சீரியல் மட்டும் பாத்தா போதுமா?

போதாது. நாவலில் கல்யாணம் நின்றபின் பெல்லி ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறாள். கான்ராட் கடிதம் எழுதுகிறான். சில வருஷம் கழித்து இருவருக்கும் கல்யாணம். 2025 செப்டம்பரில் முடிந்த அமேசான் தொடரில் அது பாரிஸ், அவனே நேரில் போகிறான். தொடரில் பெரியவர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருப்பது நல்லது. ஆனால் முதல் நாவலில் நிகழ்காலத்துக்கு நடுவே பெல்லியின் பழைய கோடைகள், அப்போது அவளுக்கு என்ன வயது என்ற தலைப்போடு அத்தியாயங்களாக வரும். அந்த அடுக்கின் சுகம் புத்தகத்தில்தான்.

எட்டாவது படிக்கிற மகள் கேக்குறா. குடுக்கலாமா?

முதல் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுங்கள். விருந்தில் பிள்ளைகள் குடிப்பது, முத்தம், இவை உண்டு. மூன்றாவதற்கு இரண்டு வருஷம் போகட்டும். நான் அதிகம் யோசிப்பது சூசன்னாவின் நோயைப் பற்றித்தான். வீட்டில் யாராவது அந்த நோயோடு இருந்தால், அல்லது சமீபத்தில் போயிருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நானும் இந்த மாதிரி ஒரு கோடை நாவல் எழுதணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்க?

காதலர்களை ஓரமாக வையுங்கள். முதலில் வீட்டை எழுதுங்கள். எந்த அறை யாருக்கு, ராத்திரி கடைசியாக விளக்கை அணைப்பது யார், சமையல்கட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசினால் மாடியில் எவ்வளவு கேட்கும். பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதியை வையுங்கள். பெண்ணும் பையனும் அதற்கப்புறம் வரட்டும். பத்துப் பக்கம் எழுதியதும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.