பட்டம் பெற்றும் முதல் மென்பொருள் வேலை அமையவில்லையே, என்ன செய்வது?

கணினியியல் பட்டம் பெற்றுப் பல மாதங்களாகியும் நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை என்கிறீர்கள். உங்கள் தன்விவரக் குறிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. பைதான், ஜாவா, எஸ்கியூஎல் என்று அடுக்கிய பட்டியல் எல்லோரிடமும் இருப்பதால் அதை எவரும் நின்று படிப்பதில்லை. மாறாக, இறுதியாண்டுத் திட்டத்தில் தரவுத்தளத் தேடல் ஏன் தாமதமானது, எந்த அட்டவணையில் தேடலை விரைவாக்கும் சுட்டு (index) சேர்த்து அதைச் சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், நேர்காணல் செய்பவருக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்து, தேடும் இடத்தை விரிவாக்குங்கள். பெயர்பெற்ற தொழில்நுட்ப நிறுவனங்களின் வாசலிலேயே எல்லோரும் நிற்கையில், வங்கிகள், மருத்துவமனைகள், துறைமுகத்தைச் சார்ந்த தளவாட நிறுவனங்கள் ஆகியவற்றின் உள் தொழில்நுட்பப் பிரிவுகளைப் பலர் பார்ப்பதே இல்லை. மென்பொருள் சோதனை, பயனர் ஆதரவு போன்ற பணிகளை (வீட்டார் முகம் சுளித்தாலும்) நான் தாழ்வாகக் கருதமாட்டேன்.

நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், 2025இல் அரசாங்கம் தொடங்கிய பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தையும் பாருங்கள்: 3 முதல் 6 மாதம், மாதம் 1,800 முதல் 2,400 வெள்ளி வரை உதவித்தொகை. ஆயினும், பயிற்சி தரும் நிறுவனத்தில் நிரல் எழுத விடுவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.