வளைந்தோடும் எழுத்துகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்கு, கையெழுத்துபோல் இணைந்து ஓடும் நல்ல ஸ்கிரிப்ட் எழுத்துரு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: என்ன தாள், எந்த வகை அச்சு, எழுத்தின் அளவு எத்தனை பாயிண்ட்? ஒன்றும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். மணமக்கள் பெயருக்கு கிரேட் வைப்ஸ் போடுங்கள். இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை. முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் சாதாரண எழுத்துருவில் அடியுங்கள். வருகிறவர்கள் மண்டபம் வந்துசேர வேண்டாமா?

கேள்வி: எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினால் இணைப்புகள் அறுந்துவிடுகின்றன.

பதில்: அறும். ட்ராக்கிங், அதாவது அந்த இடைவெளி அளவு, பூஜ்யத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மகளின் ஆங்கிலப் பெயரை ஜாஃபினோவில் முழுவதும் கேபிட்டலில் அடித்தேன். யாராலும் படிக்க முடியவில்லை. எழுத்துருவில் கோளாறா?

பதில்: கோளாறு உங்கள் கேப்ஸ் லாக்கில். மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது. ஜாஃபினோ, ஜெர்மானியக் கலைஞர் ஹெர்மன் ஜாஃப் 1944-இல் கையால் எழுதிய எழுத்துகளிலிருந்து பிறந்தது. பழைய அச்சுக்கோப்பின் ஈயத் துண்டின் சதுரத்துக்குள் அந்த நீண்ட வால்கள் அடங்காது. கணினி வந்த பிறகு, 1998-இல்தான் எழுத்துருவாக வெளிவந்தது. அதன் பெரிய எழுத்து சொல்லின் தலையில் ஒன்றாக நிற்பதற்கு வரையப்பட்டது. அதன் கொடிபோன்ற வால் பக்கத்துச் சின்ன எழுத்துகளின் மேலும் கீழும் ஓடும். ஊர்வலத்தின் முன்னால் ஒரு யானை போனால் அழகு. ஏழு யானைகளைச் சந்துக்குள் விட்டால்? ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பெயர்ப்பலகை, கேக், தாம்பூலப் பை என்று எங்கும் இந்தக் கொடுமையைப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. முதல் எழுத்து பெரியது, மற்றவை சிறியவை. அலங்காரம் போதவில்லையென்றால் டிசைன் மென்பொருளின் கிளிஃப்ஸ் பலகையைத் திறங்கள். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கும். பெயருக்கு ஒரு கொடி போதும்.

கேள்வி: பளபளக்கும் படலத்தை ஒட்டும் ஃபாயில் அச்சில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழுகின்றன. அச்சகத்தின் தவறுதானே?

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். காப்பர்பிளேட் என்னும் பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பாணியின் மயிரிழைக் கோடு சின்ன அளவில் கால் பாயிண்டுக்கும் கீழே போய்விடும். ஃபாயில் அதில் எப்படி ஒட்டும்? அளவைக் கூட்டுங்கள், அல்லது தடித்த வடிவத்தை எடுங்கள்.

கேள்வி: தமிழில் இதுபோல எழுத்துரு உண்டா?

பதில்: தூரிகைச் சாயலில் உண்டு. காப்பர்பிளேட்டின் அழகு, கூர்முனைப் பேனாவை அழுத்தித் தளர்த்துவதில் வருகிறது. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் ஒரே தடிப்பில் கீறி வளர்ந்தது. சாதாரணத் தமிழ் எழுத்துருவை 20 டிகிரி சாய்த்துவிட்டுக் கையெழுத்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு தெரிந்தது.

பதில்: எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றி அனுப்பினீர்களா? போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன். மாற்றும் முன் பிழை திருத்திவிடுங்கள், மூலக் கோப்பைத் தனியே வையுங்கள்.