ஆண் பூனை முக்கிட்டே இருக்கு, யூரின் வரல: ரெண்டு நாள் பாக்கலாமா?

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: மூணு வயசு ஆண் பூனை, நேத்து ராத்திரியில இருந்து மண் ட்ரேக்கு போறதும் வர்றதுமா இருக்கு, உக்காந்து முக்குது, கத்துது, ஒண்ணும் வரல, பெட் ஷாப்ல மலச்சிக்கல்னு ஒரு சிரப் குடுத்தாங்க, ரெண்டு நாள் பாக்கலாமா?

பாக்காதீங்கம்மா, இப்பவே தூக்கிட்டு கிளம்புங்க. இது பெரும்பாலும் யூரின் அடைப்பு. ஆண் பூனைக்கு யூரின் குழாய் நுனியில ரொம்ப குறுகலா இருக்கும், அங்க சளியும் மணல் மாதிரி துகளும் சேந்து கார்க் போட்ட மாதிரி அடைச்சுக்கும். வெளிய போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துலயே ஏறி இதயத்த நிறுத்திடும், முழுசா அடைச்சா ஒரு நாள் ரெண்டு நாள் தாங்குறதே கஷ்டம்.

பின்னங்காலுக்கு முன்னாடி அடிவயித்த மெதுவா தொட்டுப் பாருங்க, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையா கெட்டியா தட்டுப்பட்டா அதான். அமுக்கி எடுக்கலாம்னு பாக்காதீங்க, யூரின் பை கிழிஞ்சிடும்.

எனக்கு கோவம் வர்றது இந்த சிரப் ஆளுங்க மேலதான். பூனைய தொட்டுக்கூட பாக்காம கவுன்டர்ல நின்னே கல் கரைக்கிற மருந்துன்னு எடுத்து நீட்டுவாங்க, மெடிக்கல்ல நீர் மாத்திரை குடுப்பாங்க, அடைச்ச பைக்குள்ள இன்னும் யூரின சேக்குறதுக்கு. வலிக்குதேன்னு பாராசிட்டமால் குடுத்தா அது பூனைக்கு விஷம், அரை மாத்திரையே கொன்னுடும். ஒருத்தர் ரெண்டு நாள் வாழைத்தண்டு ஜூஸ சிரிஞ்சுல ஊத்திட்டு எங்கிட்ட கொண்டு வந்தார், தாடை முடியெல்லாம் ஜூஸ் காஞ்சு ஒட்டியிருந்துச்சு, உடம்பு ஜில்லுன்னு, இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 90. நல்லா இருக்கிற பூனைக்கு கிளினிக்ல 160க்கு மேல இருக்கும். ட்ரிப் ஏத்துறதுக்குள்ள போயிடுச்சு.

ஒரே ஒரு விஷயம், சொட்டு சொட்டா ரத்தம் கலந்து வருது, வயிறும் சாஃப்டா இருக்குன்னா அது அடைப்பில்லாம வெறும் பை புண்ணா இருக்கலாம். வீடு மாறினது, புதுசா இன்னொரு பூனை வந்தது, இந்த மாதிரி டென்ஷன்லயே வரும், பல பூனைக்கு ஒரு வாரத்துல தானா அடங்கிடும். ஆனா சொட்டு வருதேன்னு நீங்களே இதுதான்னு முடிவு பண்ணாதீங்க, பாதி அடைப்புலயும் சொட்டும், அதே பூனை சாயந்தரம் முழுசா அடைச்சுக்கும், அதனால ஆண் பூனைன்னா டாக்டர் கைவச்சு பாத்தே ஆகணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கேளுங்க: பூனைக்கான கேத்திட்டர், அதாவது யூரின் குழாய்க்குள்ள விடுற மெல்லிசு டியூப், இருக்கா, ராத்திரி ஆள் இருப்பாங்களா? எத்தனையோ ஊர்ல இது ரெண்டுமே கிடையாது, மதியத்தோட கதவ சாத்திடுறாங்க, பூனைதானேன்னு ஒரு அலட்சியம், இத எத்தனை வருஷமா கத்துறோம்! மயக்கம் குடுத்து அடைப்ப எடுத்து, ஒண்ணு ரெண்டு நாள் டியூபோட ட்ரிப்ல வைக்கணும். வீட்டுக்கு வந்தப்புறம் முதல் வாரம் திரும்ப அடைக்க வாய்ப்பு அதிகம், அதனால ட்ரை ஃபுட்ட குறைச்சு ஈர சாப்பாடு குடுங்க, தினமும் ட்ரேல எத்தனை ஈரக்கட்டி விழுதுன்னு எண்ணுங்க.