ஸ்கைரிமில் மந்திரவாதியாக ஆடும்போது பெருகிக்கொண்டே போகும் மந்திரங்களை எப்படிச் சமாளிப்பது?

2011-இல் வெளிவந்த நாள்முதல் இன்றுவரை ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் மந்திரவாதியாகவே ஆட விரும்புபவன் நான். சண்டையின் நடுவே உண்மையில் தேவைப்படும் மந்திரங்கள் மிகச் சிலவே; அவற்றை மட்டும் விரலுக்கு அருகில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பட்டியலிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். சண்டை தொடங்கியதும் மேஜிக்கா (மந்திரம் ஏவச் செலவாகும் ஆற்றல்) ஊறும் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், இருபது மந்திரங்களைக் கற்றிருந்தாலும் நான்கைந்துக்கு மேல் ஏவ வாய்ப்பே இருக்காது.

கணினியில் ஃபேவரிட்ஸ் (நாம் குறித்துவைத்த மந்திரங்கள், பொருள்கள்) பட்டியலைத் திறந்து, ஒரு மந்திரத்தைத் தேர்ந்து 1 முதல் 8 வரையிலான எண்களில் ஒன்றை அழுத்தினால், அதன்பின் அந்த எண்ணை அழுத்தியதும் மந்திரம் கைக்கு வந்துவிடும். நான் 1-இல் நெருப்பையும் 2-இல் மின்னலையும் 3-இல் காயம் ஆற்றும் மந்திரத்தையும் 4-இல் நமக்காகச் சண்டையிடும் நெருப்பு உயிரான அட்ரோனாக்கை வரவழைப்பதையும் வைப்பேன். பனி மந்திரத்துக்கு எண் தருவதில்லை, ஏனெனில் தொடக்கத்தில் நாம் அதிகம் மோதுகிற டிராகர்களும் (உயிர்த்தெழுந்த பிணங்கள்) நார்டு இனக் கொள்ளையரும் அதன் பாதிப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். மின்னலோ எதிரி மந்திரவாதியின் மேஜிக்காவையும் சேர்த்தே உறிஞ்சுவதால், அதற்கு நிலையான இடம் உண்டு.

ஓக்ஃபிளெஷ் (உடலுக்குக் கவசம் தருவது), மஃபிள் (நடக்கும் ஓசையை அடக்குவது), கேண்டில்லைட் (வெளிச்சம் தருவது) போன்றவை சண்டைக்கு முன்பே ஏவ வேண்டியவை. ஓக்ஃபிளெஷ் 60 வினாடிகளே நீடிக்கும் என்பதால், எதிரிகள் இருக்கும் அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னதாக ஏவுவது நல்லது. ஃபேவரிட்ஸ் திறந்திருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. ஆகவே இவற்றை நிதானமாகத் தேடி எடுக்கலாம், எண் தேவையில்லை.

பெர்க் (திறனைக் கூட்டும் சிறப்புச் சலுகை) விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு லெவலுக்கு ஒரே ஒரு பெர்க்தான் கிடைக்கிறது. அதை ஐந்து மந்திரப் பிரிவுகளுக்கும் பங்கிட்டால் எதுவுமே வலுப்பெறாது. டிஸ்ட்ரக்‌ஷனில் (தாக்கும் மந்திரங்களின் பிரிவு) திறன் அளவு 20-ஐ எட்டியதும் இரு கைகளாலும் சேர்த்து ஏவும் பெர்க்கையும், 40-இல் இம்பாக்ட்டையும் எடுத்துவிடுங்கள். அதன்பின் இரு கைகளாலும் ஏவும் ஒவ்வொரு நெருப்புக் குண்டும் பெரும்பாலான எதிரிகளைத் தடுமாறச் செய்து அருகில் வரவிடாமல் நிறுத்துகிறது. எட்டு மந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையை இந்த ஒரு பெர்க் செய்துவிடுகிறது என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டாவது பிரிவாக, அட்ரோனாக் போன்றவற்றை வரவழைக்கும் கான்ஜுரேஷன் போதும்.

ஒரு பிரிவில் திறன் அளவு 100-ஐ எட்டியபின் கிடைக்கும் மாஸ்டர் (உச்சநிலை) மந்திரங்களுக்கும் எண் தர வேண்டாம். அவை இரு கைகளையும் பிடித்துக்கொள்வதோடு ஏவ நேரமும் எடுப்பதால், எதிரி எட்டத்தில் இருக்கும்போது மட்டுமே பயன்படுகின்றன.