நுகர்வோர் கேள்வி – பதில்: வாயிலில் செல்லாத டிக்கெட்

கேள்வி (குடியாத்தம் வாசகி): சென்னையில் நடந்த இசை நிகழ்ச்சிக்கு 1,500 ரூபாய் டிக்கெட்டை, டெலிகிராம் குழுவில் முகம் தெரியாத ஒருவரிடம் 4,000 ரூபாய்க்கு என் மகன் வாங்கினான். அந்த கியூஆர் கோடைக் காட்டி ஏற்கெனவே ஒருவர் உள்ளே போய்விட்டதாகச் சொல்லி, வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாமா? அரசு இதைத் தடுக்காதா?

பதில்: இன்னும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவில்லை என்றால், இதை வாசித்த கையோடு அழையுங்கள். ஒரே டிக்கெட்டைப் பலர் தலையில் கட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வரும் ஏமாற்றுக் குற்றம்; பணம் வேறு கணக்குக்குக் கைமாறுவதற்குள் விற்றவரின் கணக்கை முடக்க அந்த அழைப்பே வழி. யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் உரையாடலையும் அழிக்க வேண்டாம். (கோபத்தில் குழுவை விட்டு வெளியேறி, இருந்த ஒரே சாட்சியத்தையும் தொலைப்பவர்களே அதிகம்.)

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவருக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது? முன்பதிவுத் தளமே ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசித் திரையில் கூடுதல் கட்டணம் சேர்த்திருந்தால் நிலைமை வேறு: 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏய்ப்பு உத்திகளில் அதுவும் ஒன்று, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அரசைப் பற்றிக் கேட்டீர்கள். காட்பாடியில் அனுமதியின்றி ரயில் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கென அப்படியொரு மத்தியச் சட்டம் இல்லை. 2024-இல் கோல்டுபிளே என்ற பிரிட்டிஷ் இசைக் குழுவின் நிகழ்ச்சி டிக்கெட்டுகள் கள்ளச் சந்தைக்குப் போனபோது அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனையிட்டது. ஆனால் அது டிக்கெட் விற்றுப்போன பிறகு நடந்தது. ஜப்பானிலோ, மறுவிற்பனைக்குத் தடையுள்ள டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தொழிலாக்கினால் ஓராண்டு வரை சிறை என்ற சட்டம் 2019 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. நமக்கும் அதுவே தேவை என்பது என் கருத்து.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): போக முடியாத டிக்கெட்டை நண்பருக்குக் கொடுக்கலாமா?

பதில்: இசை நிகழ்ச்சி என்றால் டிக்கெட்டில் உள்ள நிபந்தனையைப் பாருங்கள். உறுதியான ரயில் டிக்கெட் என்றால், புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றலாம். நண்பர் பெயருக்கு மாற்றித் தரமாட்டார்கள்.